கண்ணுக்கும் கைக்கும் எட்டும் மொழி



தமிழ் மேடையில் ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பழைய ஏடு. சொல்வதெழுதல் ஏடு. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர் எழுதியது. இரு செவிகளிலும் கருவி அணிந்திருப்பார், அமைதியானவர். நான் "பணம்" என்று சொன்னால் அவர் "மணம்" என்று எழுதுவார். "பாடு" என்றால் "மாடு". "மடி" என்றால் "படி". ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "கவனம் தேவை" என்று எழுதி வந்தேன். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அப்படி எழுதினேன்.

பின்னர் ஒரு நாள் விடுமுறையில், ஏடுகளை ஒழுங்குபடுத்தும்போது, அந்தப் பிழைகளை வரிசையாகப் பார்க்க நேர்ந்தது. அவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. பகரத்துக்கு மகரம் வந்திருந்தது, மகரத்துக்குப் பகரம் வந்திருந்தது. ஆனால் ஓரிடத்திலும் பகரத்துக்கு வகரம் வரவில்லை. தகரமும் வரவில்லை. லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் கலந்து கிடந்தன. அகரமும் உகரமும் ஒருமுறைகூட மாறவில்லை. கவனமில்லாத பிள்ளையின் பிழைகள் இப்படி வரிசைகட்டி நிற்பதில்லை.

இதற்கான விளக்கத்தை நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன் என்பதுதான் வெட்கத்துக்குரிய செய்தி. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று பேசுகிறது. பகரமும் மகரமும் இரு இதழும் பொருந்துவதால் பிறக்கும்; வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறக்கும்; உகரமும் ஒகரமும் அவற்றின் நெடிலும் இதழ் குவிந்து பிறக்கும். மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் வளியும் வேண்டும். இந்த இலக்கணத்தை அந்தப் பெண்ணின் இருக்கையிலிருந்து பாருங்கள். இதழில் நிகழ்வது அவருக்குத் தெரியும். நாவின் நுனி மேலண்ணத்தைத் தொட்டதா, வருடியதா என்பது பற்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். மூக்கின் வழி வரும் காற்றையோ எவராலும் காண முடியாது. ஆகவே பகரமும் மகரமும் அவர் கண்ணுக்கு ஒரே எழுத்து. அவர் பிழை செய்யவில்லை. கண்ணில் பட்டதை நூற்றுக்கு நூறு சரியாக எழுதியிருந்தார்.

நான் உரக்கச் சொன்னேனே என்று கேட்பீர்கள். செவித்துணைக் கருவி ஒலியைப் பெரிதாக்கும். தெளிவாக்கும் என்று உறுதியில்லை. மங்கிய ஓவியத்தைப் பெரிதாக்கினால் பெரிய மங்கிய ஓவியம் கிடைப்பதுபோல. இக்காலத்தில் உட்செவியில் பொருத்தும் கருவி பல பிள்ளைகளுக்குப் பெரும் பயன் தருகிறது. இந்த அரங்கிலிருந்து சிறிது தொலைவில், பழைய கண்டாங் கெர்பாவ் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் மகப்பேற்று மருத்துவமனையில், பிறந்த சில நாளிலேயே குழந்தையின் செவித்திறனைச் சோதித்துவிடுகிறார்கள். ஆனாலும் கருவி பொருத்திய பிள்ளை, இரைச்சல் மிகுந்த வகுப்பறையில், ஆசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசும்போது, மீண்டும் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். தமிழில் இரண்டு ஒலிகள் மயங்கும் இடத்தில் ஆங்கிலத்தில் மூன்று மயங்கும். "பேட்" என்று ஒலிப்பில்லாத பகரத்தில் தொடங்கும் சொல், வௌவாலைக் குறிக்கும் ஒலிப்புடைய "பேட்", பாயைக் குறிக்கும் "மேட்" ஆகிய மூன்றும் உதட்டில் ஒன்றே. ஆங்கில ஒலிகளில் பாதிக்கும் குறைவானவையே உதட்டில் தனித்துத் தெரியும். மீதியைச் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். ஊகிப்பதற்கோ மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டும். மொழி தெரிந்தவருக்கு உதட்டசைவு ஓர் உதவி. மொழியையே அதன் வழியாகக் கற்க வேண்டிய குழந்தைக்கு அது புதிர்க்கட்டம்.

ஆங்கிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் இலக்கணத்தின் பெரும்பகுதி சொல்லின் வாலில் தொங்கும் மெல்லிய ஒலிகளில் இருக்கிறது. "வாக்" நிகழ்காலம், "வாக்ட்" இறந்தகாலம். "புக்" ஒருமை, "புக்ஸ்" பன்மை. அந்த டகரமும் ஸகரமும் உதட்டில் தெரியா. குறைந்த செவியில் விழா. பெயருக்கு முன் வரும் "எ", "த" என்ற சுட்டுகள் கேட்பவர் காதிலேயே பாதி விழுங்கப்பட்டுத்தான் ஒலிக்கின்றன. ஆகவே செவித்திறனற்ற மாணவர் எழுதும் ஆங்கிலத்தில் முதலில் உதிர்வன இவைதாம். "நேற்று நான் சந்தைக்குப் போகிறேன்" என்ற பாங்கில் அமைந்த ஆங்கில வாக்கியத்தைக் காணும் ஆசிரியர், மாணவரின் அறிவை ஐயுறுகிறார். ஐயுற வேண்டியது அந்த வாலொலிகள் அவரை எட்டினவா என்பதை மட்டுமே.

எழுத்தாவது எட்டும் அன்றோ, கண் நன்றாக இருக்கிறதே என்பது பலரும் எழுப்பும் கேள்வி. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கேட்கும் பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் அமரும்போது ஆயிரக்கணக்கான சொற்களோடும், வாக்கியம் அமைக்கும் பழக்கத்தோடும் வருகிறது. எழுத்து அதற்குப் புதிய உடை மட்டுமே. உடம்பு ஏற்கெனவே இருக்கிறது. பிறவியிலேயே செவித்திறனற்ற பிள்ளைக்கு, வீட்டில் யாரும் சைகை அறியாதிருந்தால், உடையும் உடம்பும் ஒரே நாளில் வந்து சேர வேண்டும். அச்சிட்ட ஆங்கிலம் அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் படுகிறது என்பது உண்மை. நமக்குக் கொரிய எழுத்தும் கண்ணில்தான் படுகிறது.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது என்பது நம் கல்வி வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. 1950களின் தொடக்கத்தில் செஞ்சிலுவைச் சங்கம் செவித்திறனற்ற பிள்ளைகளுக்குச் சிறு வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. அங்கே கற்பித்தல் வாய்மொழியாக நடந்தது. 1954இல் ஷாங்ஹாயிலிருந்து வந்த பெங் ஸு யிங், தாமே செவித்திறனற்றவர், சீனச் சைகைமொழிப் பள்ளியை நிறுவினார். (இவர் மோட்டார் பந்தய ஓட்டுநராகவும் பெயர் பெற்றவர். செவித்திறனற்றவர் வாகனம் ஓட்டலாமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.) 1955இல் இன்றைய காது கேளாதோர் சங்கத்தின் முன்னோடி அமைப்பு உருவானது. 1956இல் கனோசியன் கன்னியர் வாய்மொழி முறையில் தம் பள்ளியைத் தொடங்கினர். 1963இல் முன் சொன்ன இரு முயற்சிகளும் இணைந்து, மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர்க் காது கேளாதோர் பள்ளியாயின. ஒரே கூரையின் கீழ், ஒரு பக்கம் ஷாங்ஹாய்ச் சைகையும் சீன எழுத்தும். மறுபக்கம் உதட்டசைவும் ஆங்கிலமும். இந்தத் தொடக்கங்களில் ஒன்று சீன மொழியைச் சார்ந்திருந்தது. மற்றவை ஆங்கிலத்தைச் சார்ந்திருந்தன. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் பின்னர் எடுத்துக்கொள்கிறேன்.

1970களின் நடுவில் மாற்றம் வந்தது. அமெரிக்காவின் கேலடெட் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பார்சன்ஸ், அவரும் செவித்திறனற்றவர், பல நாடுகளுக்குச் சென்று "முழுத் தொடர்பு" என்ற கொள்கையைப் பரப்பி வந்தார். பேச்சு, சைகை, விரலெழுத்து, எழுத்து, உதட்டசைவு ஆகிய எதையும் விலக்காமல், பிள்ளைக்கு எது எட்டுகிறதோ அதைக் கொண்டு கற்பிப்பது அது. கேலடெட்டில் பயின்று திரும்பிய சிங்கப்பூரர் லிம் சின் ஹெங் அமெரிக்கச் சைகைகளை இங்கே வேரூன்றச் செய்தார். கூடவே வந்தது, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் முறை.

இந்த முறையைச் சிறிது விளக்க வேண்டும், ஏனெனில் அதன் பெருமையும் குறையும் மொழியாசிரியருக்குச் சுவையானவை. "வாக்" என்பதற்கு ஒரு சைகை. அதன்பின் இறந்தகால விகுதிக்குத் தனிச் சைகை. பன்மைக்கு ஒன்று, "இங்" விகுதிக்கு ஒன்று. அதாவது உதட்டில் தொலைந்துபோன வால்களைக் கை மீட்டுக் கொடுக்கிறது. இதில் ஒரு விதி உண்டு. இரு சொற்களின் ஒலி, எழுத்து, பொருள் ஆகிய மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே சைகை. தமிழுக்கு இவ்விதியை வைத்துப் பாருங்கள். "நூலைப் படி", "மாடிப் படி", "ஒரு படி அரிசி" ஆகிய மூன்றிலும் ஒலியும் எழுத்தும் ஒன்றே. ஆகவே மூன்றுக்கும் ஒரே சைகை காட்ட வேண்டும்! எழுத்தை அறிய அது உதவும். பொருளை அறிய உதவாது. இயல்பான சைகைமொழியிலோ மூன்றுக்கும் மூன்று சைகைகள் இருக்கும், ஏனெனில் அது பொருளிலிருந்து பிறந்த மொழி. அதற்கென இலக்கணம் உண்டு. புருவத்தை உயர்த்துவதும் உடலைச் சாய்ப்பதும்கூட அந்த இலக்கணத்தின் உறுப்புகள்.

ஷாங்ஹாய்ச் சைகை, அமெரிக்கச் சைகை, ஆங்கிலச் சொற்சைகை, இம்மண்ணிலேயே பிறந்த சைகைகள் எல்லாம் கலந்து உருவானதே இன்றைய சிங்கப்பூர்ச் சைகைமொழி. அப்பெயர் 2008இல்தான் வழக்குக்கு வந்தது. சிராங்கூன் சாலையில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஹொக்கியனும் உரசி உரசி ஒரு பேச்சு வழக்கு உருவானதே, அதுபோலத்தான். அதை அரைகுறை ஆங்கிலம் என்பவர்கள் நம் பேச்சுத் தமிழைக் கொச்சை என்றவர்களின் உறவினர்கள்.

அமெரிக்காவில் வேறொரு வழியும் தோன்றியது. 1966இல் ஆரின் கார்னெட் என்னும் இயற்பியலாளர், கேலடெட்டின் துணைத் தலைவராக இருந்தவர், செவித்திறனற்ற மாணவர் பலர் வாசிப்பை விரும்பாதிருப்பதைக் கண்டு வியந்து, ஒலிக்குறிப்பு முறை ஒன்றை வகுத்தார். பேசும்போதே வாயருகில் கையால் குறி காட்டுவது அது. மெய்யொலிகளுக்கு எட்டுக் கைவடிவங்கள். உயிரொலிகளுக்கு முகத்தைச் சுற்றி நான்கு இடங்கள். உதட்டில் ஒன்றுபோல் தெரியும் மூன்று ஒலிகளுக்கும் மூன்று வேறு கைவடிவங்களைக் கொடுத்துவிட்டார். என் மாணவிக்கு நான் பகரத்துக்கு ஒரு விரலையும் மகரத்துக்கு ஐந்து விரல்களையும் காட்டியிருந்தால் போதும். அந்த ஏட்டில் பாதிச் சிவப்பு மை மிஞ்சியிருக்கும். எந்த முறை சிறந்தது என்ற வழக்கு உலகெங்கும் இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. என் கருத்து இதுதான்: பிள்ளைக்கு முதலில் தடையின்றிப் புரியும் ஒரு மொழி வேண்டும், அது பெரும்பாலும் சைகைமொழியாகவே இருக்கும். அது இருந்தால் ஆங்கிலத்தை விளக்கிக் கற்பிக்கலாம். அது இல்லாவிட்டால், விளக்குவதற்கே மொழியில்லை.

மவுண்ட்பேட்டன் சாலைப் பள்ளி 2017இல் மூடப்பட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டிருந்தது. 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில், சைகை பயன்படுத்தும் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பயில்கிறார்கள். உயர்நிலையில் பீட்டி பள்ளி அப்பணியைச் செய்கிறது.

இப்போது தமிழ்வீட்டுக்கு வருகிறேன். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செவித்திறனற்ற பிள்ளை பள்ளியில் கற்பது ஆங்கில எழுத்தும் சிங்கப்பூர்ச் சைகையும். சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறக் கல்வி அமைச்சு வழி வைத்திருக்கிறது. அது கருணையான ஏற்பாடு. ஒரு மொழிக்கே போராடும் பிள்ளையின் தோளில் இரண்டாவதை ஏற்றுவானேன் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் அதன் விளைவு வீட்டில் தெரியும். பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். பேரனுக்குச் சைகையும் ஆங்கில எழுத்தும் தெரியும். தாய் இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார். அவர் சமையலறைக்குள் சென்றுவிட்டால் கூடத்தில் உரையாடல் நின்றுவிடுகிறது. தொலைக்காட்சியில் தமிழ் நாடகம் ஓடும். கீழே ஆங்கிலத் துணையுரை ஓடும். பேரன் தன் பாட்டியின் மொழியில் நடக்கும் கதையை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருப்பான். லிட்டில் இந்தியா இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் பல மொழிகள் இருக்கின்றன. அவற்றுள் தன் வீட்டு மொழி எது என்று அந்தப் பையனுக்கு யாரேனும் காட்டியதுண்டா?

ஆங்கிலத்தை எட்டச் செய்யும் பணியில் வீட்டுமொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். முழுப் பாடத்திட்டம் வேண்டாம். குடும்பத்தாரின் பெயர், உறவுப்பெயர், உண்பவை, விழாக்கள் என நூறு சொற்களைப் படமும் சைகையும் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்துமாக ஓர் அட்டைக் கட்டாகச் செய்து கொடுத்தால், பாட்டியும் பேரனும் ஓர் அட்டையின் இரு பக்கங்களில் சந்திக்கலாம். அதே அட்டை பாட்டிக்குச் சைகை கற்பிக்கும் நூலும் ஆகும். தமிழாசிரியர்கள் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?

பார்வையும் செவித்திறனும் ஒருசேர இல்லாதவரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. பிறவியில் செவித்திறனற்றவராக இருந்து, வளர வளரப் பார்வையையும் இழப்போர் சிலர் உண்டு. அஷர் குறைபாடு என்பது அதன் காரணங்களுள் ஒன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் நேர்வது; நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தகைய குறைபாடுகளின் வாய்ப்புக் கூடும். தாய்மாமனையும் அத்தை மகனையும் முறை என்று கொள்ளும் நம் சமூகம் இதை அறிந்திருப்பது நல்லது.

இருபுலனும் இல்லாதவருக்கு ஆங்கிலத்தை எட்டச் செய்யும் முயற்சி அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளியில், ஹெலன் கெல்லருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது. 1837இல் லாரா பிரிட்ஜ்மன் என்ற ஏழு வயதுச் சிறுமி அங்கே வந்தார். சாமுவேல் ஹௌ, கரண்டி, கத்தி, சாவி போன்ற பொருள்களில் மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, சிறுமியின் விரல்களைப் பொருளிலும் எழுத்திலும் மாறி மாறி வைத்தார். கரண்டிக்கும் அந்தக் கோடுகளுக்கும் தொடர்புண்டு என்று விரல் உணர்ந்த பின்னரே எழுத்துகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. ஓசையைத் தொடாமலேயே ஆங்கிலம் ஒரு மனத்துக்குள் நுழைந்தது.

அதே பெர்க்கின்ஸில் பயின்றவர் நம் சிங்கப்பூரின் தெரேசா சான். பதினான்கு வயதுக்குள் செவியையும் பார்வையையும் இழந்தவர். அதன் பிறகே ஆங்கிலம் கற்றார் என்பதை ஆசிரியர்கள் ஒருகணம் நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். நாடு திரும்பிப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார். தம் வாழ்வை எழுதினார். 2005இல் எரிக் கூ இயக்கிய "பீ வித் மீ" திரைப்படத்தில் தாமாகவே தோன்றி, ஆங்கிலத்தில் பேசினார். 2016இல் மறைந்தார்.

பெர்க்கின்ஸில் கையாண்ட முறைகளுள் "டடோமா" என்பது ஒன்று. சோஃபியா ஆல்கார்ன் என்ற ஆசிரியர் தம் மாணவர்களான டாட், ஓமா இருவரின் பெயர்களையும் இணைத்து அமைத்த பெயர் அது. கற்பவர் பேசுபவரின் முகத்தில் கை வைப்பார். கட்டைவிரல் உதட்டில், மற்ற விரல்கள் கன்னத்திலும் தொண்டையிலும். இப்போது பகர மகரத்துக்குத் திரும்புங்கள். உதடு மூடுவது மூன்று ஒலிக்கும் ஒன்றே. ஆனால் ஒலிப்புடைய பகரத்தில் தொண்டை அதிரும். மகரத்தில் மூக்கோரமும் அதிரும். கண்ணுக்கு எட்டாத மூக்கின் வளி கைக்கு எட்டிவிடுகிறது! என் மாணவி கண்ணால் பிரித்தறிய முடியாததை, கண்ணே இல்லாதவர் விரலால் பிரித்தறிந்தார். டடோமா மிகக் கடினமானது. இன்று அதைக் கையாள்வோர் மிகச் சிலரே. கைக்குள் கை வைத்துச் சைகையை உணர்தல், உள்ளங்கையில் எழுத்தை வரைதல், பிரெயில் ஆகியவையே இன்று பெரிதும் பயன்படுகின்றன.

பிரெயிலைப் பற்றித் தமிழாசிரியர்க்கு ஒரு செய்தி. ஆங்கிலப் பிரெயிலில் ஏறத்தாழ 180 சுருக்கக் குறிகள் உண்டு. தமிழ்ப் பிரெயிலோ பாரதி பிரெயில் என்னும் பொது முறையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தின் "கே" எழுத்துக்குரிய புள்ளிகளே அதில் ககரத்துக்கும் உரியவை. அச்சில் "கொ" என்று எழுதக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் போடுகிறோம். பிரெயிலில் ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவுதான். மெய்யின் புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னால் வரும். ஆங்கிலப் பிரெயில் அறிந்த விரலுக்குத் தமிழ்ப் பிரெயில் அயல்நாடு அன்று, அடுத்த வீடு.

வகுப்பறைக்கு உரியவற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். சன்னலுக்கு முன் நிற்காதீர்கள். உங்கள் முகம் நிழலாகிவிடும். உதடுகளை மிகைப்படுத்தி அசைப்பதால் பயனில்லை, வடிவம்தான் கெடும். புரியாதபோது அதே சொல்லை உரக்கச் சொல்வதைவிட வேறு சொல்லால் சொல்லுங்கள். காணொளிக்குத் துணையுரை இல்லையெனில் உரைவடிவத்தை முந்திய நாளே கொடுத்துவிடுங்கள். சொல்வதெழுதலை, தயவுசெய்து, இவர்களுக்குப் படம் காட்டி நடத்துங்கள்.

அந்த மாணவியை அண்மையில் தேக்கா சந்தையில் கண்டேன். கணக்காய்வுத் துறையில் பணியாற்றுகிறாராம். என்ன வாங்க வந்தீர்கள் என்று குரலும் சைகையுமாகக் கேட்டார். "மல்லி" என்றேன். என் உதட்டைக் கூர்ந்து பார்த்தார், கைப்பேசியை எடுத்தார், தமிழிலேயே தட்டெழுதி என்னிடம் நீட்டினார்: "பல்லியா, சார்? தேக்காவில் அதுவும் விற்கிறார்களா?"